நரம்பின் செய்தியைக் கேட்டவர்

தீபாவளி இரவில் சிவகாசித் தெருவொன்றில் விளையாடும் சிறுவன், எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை அறியாது மிதித்துவிடுகிறான். அவன் அலறுவதற்கு முன்னரே கால் விலகிக்கொள்கிறது. உணர்நரம்புகளின் வழியே மின்துடிப்புகள் தண்டுவடத்திற்கு விரைந்தமையே இதற்குக் காரணம். சரவெடியில் வெடிகள் யாவும் ஒரே பருமன் உடையன அல்லவா? ஒரு நரம்பிழையில் செல்லும் துடிப்புகளும் அத்தகையனவே. சூடு மிகுந்தால் அவை பெரியன ஆவதில்லை, நெருங்கி வருகின்றன. 1926-ஆம் ஆண்டில் ஏட்ரியன் என்னும் ஆங்கிலேய அறிஞர், தனி நரம்பிழைகளின் துடிப்புகளைப் பதிவு செய்து இதனை நிறுவினார்.

அவ்வழியில் சென்று நுரையீரலின் நரம்புகளை ஆராய்ந்தவர் நம் நாட்டு அறிஞர் அவதார் சிங் பெயின்டல். இவர் 1925-ஆம் ஆண்டில், மாணிக்கக் கற்களுக்குப் பெயர்பெற்ற பர்மிய நகரமாகிய மோகோக்கில் பிறந்தார். இலக்னோவில் மருத்துவம் பயின்று, எடின்பரோவில் விட்டரிட்ஜ் என்பாரிடம் ஆய்வு மேற்கொண்டார்.

நெஞ்சிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு ஒன்றில் பல்லாயிரம் இழைகள் உண்டு. அவை ஒருங்கே பேசினால் எதன் செய்தி எது என அறிய இயலுமா? பெயின்டல் அந்நரம்பை நுண்ணிய ஊசிகளால் பிரித்துக்கொண்டே சென்றார். இறுதியில் ஒரே இழையின் துடிப்பு மட்டும் கருவியில் பதியும். கை சற்றே நடுங்கினாலும் இழை அறும், உழைப்பு வீணாகும். பூனைகளிடத்து இம்முறையைக் கையாண்டு, இதயத்திலும் இரைப்பையிலும் உள்ள உணர்முனைகளை ஆராய்ந்தார்.

தாயகம் திரும்பியபின், 1955-இல் நுரையீரலில் புதியவகை உணர்முனைகளைக் கண்டு வெளியிட்டார். நுரையீரல் சுருங்குவதை அவை அறிவிப்பதாகக் கருதி அதற்கேற்பப் பெயரிட்டார். உலகம் அப்பெயரை ஏற்றது. அவர் உள்ளமோ அமைதியுறவில்லை. மேலும் ஆராய்ந்தபோது, நுரையீரல் நுண்குழாய்களின் அருகே நீர் கசிந்து தேங்குவதே அவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது எனத் தெளிந்தார். 1969-இல் தாம் இட்ட பெயரைத் தாமே கைவிட்டு, அருகில் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தால் 'ஜே' உணர்முனைகள் என்றழைத்தார். தன் பிழையைப் பிறர் காட்டுமுன் தானே திருத்துவோர் எத்துணைப் பேர்!

இதய நோயாளர் மூச்சிரைத்து வருந்துவதன் காரணத்தை ஆராய இக்கண்டுபிடிப்பு துணைசெய்தது. சதுரகிரி போன்ற மலையில் விரைந்து ஏறுவோர்க்குக் கால் தளர்வதிலும் இம்முனைகளுக்குப் பங்குண்டு என அவர் கருதினார்.

தில்லியில் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிலையத்தின் இயக்குநராகப் பல்லாண்டு பணியாற்றினார். 1981-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. ஆய்வில் நிகழும் பொய்ம்மைகளை எதிர்த்தும் அவர் அயராது குரல் எழுப்பினார். 2004-ஆம் ஆண்டு திசம்பரில் மறைந்தார்.