அமுக்கு வைத்தியர் தீன் மகமது

பழவேற்காட்டை அடுத்துக் கடலோரத்தே அமைந்த லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில், கடலுக்குச் சென்று வலையிழுத்து மீள்வோர்க்குத் தோளும் இடுப்பும் நோதல் இயல்பேயாம். அங்ஙனம் நொந்த உடம்பை எண்ணெய் தேய்த்து உருவிவிடுதலும், பிடித்துவிடுதலும், மெல்லத் தட்டிக்கொடுத்தலும் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள். இக்காலத்திலோ, காற்றை நிரப்பிக் காலை இறுக்கித் தளர்த்தும் உறைகளும், மின்னாற்றலால் அதிர்ந்து தசையைத் தட்டும் மசாஜ் கன் என்னும் கருவியும் கடைகளில் விற்கப்படுகின்றன. விளையாட்டில் ஈடுபடும் மாணவர் பலர் இவற்றை மேனாட்டாரின் புதுமை எனக் கருதுகின்றனர். ஆயின், உடம்பை அமுக்கி நோய் தீர்க்கும் இந்தியக் கலையை ஆங்கில நாட்டிற்குக் கொண்டுசென்று, அரசரும் விரும்பும்படி செய்தவர் நம் நாட்டினர் ஒருவரே. அவரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

தீன் மகமது 1759-ஆம் ஆண்டு பாட்னா நகரிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளச் சேனையிற் பணிபுரிந்தவர். அவரை இளமையிலேயே இழந்த தீன் மகமது, பதினொரு வயதளவில் காட்பிரே பேக்கர் என்னும் அதிகாரியைச் சார்ந்து, சேனையோடு ஊரூராய்த் திரிந்தார். பின்னர்ச் சுபேதார் பதவியும் எய்தினார். 1782-இல் பேக்கர் வேலையினின்று நீங்கவே, இவரும் உடன் நீங்கி, 1784-இல் அவரோடு அயர்லாந்திலுள்ள கார்க் நகர் சேர்ந்தார்.

அந்நகரில் ஆங்கிலக் கல்வியிற் றேர்ந்து, ஜேன் டேலி என்னும் நங்கையைக் காதலித்து, 1786-இல் மணந்தார். புராட்டஸ்டண்டு சபையையும் சார்ந்தார். 1794-இல் தம் பயணங்களைக் கடித வடிவிலே எழுதி இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் இதுவே என்பர்.

பின்னர் இலண்டன் மாநகர்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே பேசில் காக்ரேன் என்னும் செல்வர் ஆவிநீராட்டு நிலையம் ஒன்று நடத்திவந்தார். இவர் நம் சென்னையிலே கம்பெனியின் அலுவலிலும், கடற்படைக்கு உணவு வழங்கும் ஒப்பந்தங்களிலும் பெரும்பொருள் ஈட்டி மீண்டவர். அவரிடம் பணியாற்றியபோது தீன் மகமது உடம்பை அமுக்கிப் பிசையும் தொழிலைக் கையாண்டார். 1810-இல் ஜார்ஜ் வீதியில் இந்திய உணவுச்சாலையொன்றை நிறுவினார். சுவை பெரிதாயினும் வருவாய் சிறிதாகவே, 1812-இல் கடனாளியானார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்து மூன்று. மனைவி மக்களைக் காக்கவேண்டிய அந்நிலையிலும் அவர் உள்ளந் தளர்ந்திலர்.

1814-இல் பிரைட்டன் நகரை அடைந்தார். முன்னர் மீனவர் ஊராயிருந்த அது, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் வைத்தியர் கடல்நீராடலின் நலத்தைப் பரப்பியபின், நோயாளரும் செல்வரும் திரளும் நகராயிற்று. அங்கே தீன் மகமது கடலை நோக்கிய நீராட்டு மாளிகையொன்றை அமைத்தார்.

அவர் கையாண்ட முறை வருமாறு. மூலிகைகள் இட்ட நீரின் ஆவியில் நோயாளரை இருத்தி நன்றாக வியர்க்கச் செய்வர். அவரைச் சூழக் கம்பளித் துணியாலாய கூடாரம் இருக்கும். அதன் புறத்தே சட்டைக்கைபோலத் தைத்த துளைகள் வழியாக வைத்தியர் தம் கைகளை நுழைத்து, உடலை அழுத்திப் பிசைவார். இதற்கு அவர் வழங்கிய பெயர் அமுக்குதலைக் குறிக்கும் இந்திச் சொல்லினின்று பிறந்தது. இன்று தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவுக்கு வழங்கும் பெயரும் அதுவே.

முடக்குவாதத்தாலும் மூட்டுநோயாலும் வருந்தியோர் பலர் அவரை நாடினர். குணமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களை மாளிகைச் சுவரில் மாட்டி வைத்தார். 1822-இல் தம் சிகிச்சையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ் மன்னரும், அவர்க்குப்பின் அரசெய்திய நான்காம் வில்லியம் மன்னரும் அவரைத் தம் அமுக்கு வைத்தியராக நியமித்தனர்.

இந்நூலில் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் வரலாறு எழுதுவார்க்கு அழகன்று. தாம் 1749-இல் பிறந்ததாகவும், சேனையிற் சேருமுன் இரண வைத்தியம் பயின்றதாகவும் அவர் எழுதிக்கொண்டார். பத்தாண்டுகளைக் கூட்டினாலன்றி அக்கல்விக்குக் காலம் இல்லை. அயல்நாட்டான் எனவும், போலி வைத்தியன் எனவும் இகழ்வார்முன் நிற்க அவர்க்கு ஒரு பட்டம் வேண்டியிருந்தது போலும். பிறர் உடம்பைப் பிடித்துவிடுதல் ஏவலாளர் தொழிலென்று தாழ்வாக எண்ணப்பட்டதும் இதற்குக் காரணமாகலாம். அவர் நிலையை எண்ணி யாம் இரங்குகின்றோம். எனினும் பொய்யை மெய்யென்று கொள்ளேம். அவர் கைகள் பெற்ற பெருமைக்கு அப்பட்டம் வேண்டியதே இல்லை.

முதுமையில் அவர்க்குத் துன்பங்கள் நேர்ந்தன. விக்டோரியா அரசியார் பிரைட்டனை விரும்பாமையால் அரச ஆதரவு குன்றியது. நீராட்டு மாளிகையும் அவர் கையைவிட்டு ஏலத்திற் போயிற்று. 1851-இல் பிரைட்டனிலேயே உயிர் நீத்து, தூய நிக்கலஸ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெற்றார்.

அவர் பேரர் பிரெடெரிக் அக்பர் மகமது 1849-இல் பிறந்தவர். இலண்டன் கைஸ் மருத்துவமனையிற் பயின்றவர். மாணவராயிருந்தபோதே நாடித்துடிப்பைப் பதிக்கும் கருவியைத் திருத்தினார்; உயர்ந்த இரத்த அழுத்தம் சிறுநீரக நோய்க்குறிகள் தோன்றுமுன்னரே உண்டாதல் கூடும் என்று காட்டினார். நாடெங்குமுள்ள வைத்தியர்க்கு வினாத்தாள் அனுப்பி, நோய்ச்செய்திகளைத் திரட்டி ஆராயும் பணியிலும் முன்னின்றார். 1884-இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். பாட்டனார் குணமடைந்தோர் ஊன்றுகோல்களையே காட்டினார். குணமடையாதோர் எத்துணைப் பேர் என்பதை அச்சுவர் உரையாது. பேரரோ அளந்தும் எண்ணியும் உண்மை கண்டார்.

இவ்வேறுபாடு இன்றைய கருவிகளை ஆராய்வார்க்கும் வேண்டுவதாம். 1865-இல் குஸ்தாவ் சாண்டர் என்னும் வைத்தியர் ஸ்டாக்ஹோம் நகரில் நிலையமொன்று நிறுவிக் கைகளின் வேலையை இயந்திரங்களாற் செய்விக்கத் தொடங்கினார். இக்காலக் கருவிகள் அவ்வழியில் வந்தவை. தசையைத் தட்டுதலும் அமுக்குதலும் உழைப்பின்பின் தோன்றும் நோவைச் சிறிது தணிக்கும். மூட்டு சற்று இலகுவாக மடங்கவும் நீளவும் உதவும். காற்றுறைகளை, படுக்கையிற் கிடப்போர் காலில் இரத்தம் உறையாவண்ணம் மருத்துவமனைகளிற் பயன்படுத்துகின்றனர். ஆயின், முன்னரே குருதி உறைந்து வீங்கிய காலை இறுக்குதலும் தட்டுதலும் உயிர்க்கே கேடாகும். உறக்கமும் உணவும் ஓய்வும் செய்வதனை இவை செய்யமாட்டா. வாங்குவார் விளம்பரத்தை நம்பாது வைத்தியரை வினாவுதல் நன்று.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியபோது பட்டம் எதனையும் காட்டினானல்லன், கையையே நீட்டினான். குப்பத்தில் தந்தையின் தோளை உருவிவிடும் மகன் கையையும், தீன் மகமது கையையும் இழிவென்று கருதாதிருப்போமாக. அக்கையின் அன்போடு பேரரின் ஆராய்ச்சியும் சேருமாயின், நோயாளர்க்கு அதனினும் பெரிய நன்மை யாதுளது?