நோய்க்குப் பெயரான டாக்டர்



லிஃப்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். மூன்றாவது மாடிக்குப் போக வேண்டிய பெரியவர் ஐந்தை அழுத்திவிட்டு, தன் வீடு என்று நினைத்து வேறு வீட்டுக் காலிங் பெல்லை அடிப்பார். நாமும் சிரித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவோம். வயசானால் அப்படித்தான் என்று சொல்லி, அத்தோடு அதை மறந்தும் விடுவோம். எப்போதோ ஒரு முறை என்றால் சரி. அடிக்கடி நடந்தால்?

அந்தக் கேள்வியைச் சும்மா விடாத ஒரு டாக்டரைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன். அவர் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் ஆளின் பெயராக அல்ல, நோயின் பெயராக.

அலோயிஸ் அல்சைமர் 1864 ஜூன் 14 அன்று ஜெர்மனியின் பவேரியா பகுதியில் மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். 1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளைப் பார்ப்பது ஒரு வேலை என்றால், மைக்ராஸ்கோப் முன் உட்காருவது இன்னொரு வேலை. மூளைத் திசுவுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதில் கெட்டிக்காரரான பிரான்ஸ் நிஸ்ல் அங்கே அவருக்கு உயிர் நண்பரானார்.

1901 அவருக்குக் கொடுமையான ஆண்டு. மனைவி செசிலி இறந்துபோனார். மூன்று சிறு பிள்ளைகளை வளர்க்க அவருடைய தங்கை வீட்டோடு வந்து தங்கினார். அல்சைமர் வேலையில் இன்னும் மூழ்கினார்.

அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று ஆகுஸ்டே டெட்டர் என்ற பெண்மணியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயது 51தான். கணவர் கார்ல், ரயில்வே குமாஸ்தா. முதலில் காரணமே இல்லாமல் கணவர் மேல் சந்தேகம் வந்தது. பிறகு மறதி. சமையல் தடுமாறியது. பொருள்களை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார்.

மறுநாள் அல்சைமர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பெயர் என்ன, கணவர் பெயர் என்ன என்று எளிய கேள்விகள். பேனா, சாவி போன்றவற்றைக் காட்டிப் பெயர் கேட்டார். அப்போது சரியாகச் சொன்னார். சற்று நேரத்தில் காட்டியதே நினைவில்லை. தட்டில் இருந்தது காலிஃபிளவரும் பன்றிக்கறியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் கீரை என்றார். தன் பெயரை எழுதத் தொடங்கி, பாதியில் மறந்து நின்றார். அல்சைமர் கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதி வைத்தார். திட்டவும் இல்லை, பைத்தியம் என்று ஒதுக்கவும் இல்லை.

1903-ல் அவர் ஹைடல்பர்க் போய், பிறகு முனிச்சில் பேராசிரியர் கிரேப்பலினிடம் சேர்ந்தார். முதலில் சம்பளம்கூட இல்லை. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் மேஜையிலும் உட்கார்ந்து பொறுமையாக விளக்குவார். பற்றவைத்த சுருட்டை அங்கேயே மறந்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போவார். சாயங்காலம் பார்த்தால் மேஜைக்கு ஒரு சுருட்டுத் துண்டு கிடக்குமாம்!

ஊர் மாறியும் ஆகுஸ்டேயை அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அந்த அம்மா இறந்ததும் அவருடைய மூளையை முனிச்சுக்கு வரவழைத்து ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. செல்களுக்குள்ளே முறுக்கிய நூல்கண்டு போன்ற சிக்கல்கள். செல்களுக்கு வெளியே படிவுத் திட்டுகள். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று டூபிங்கன் நகரில் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விளக்கினார். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை!

1910-ல் கிரேப்பலின் தன் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். 1912-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அங்கே போகும் ரயில் பயணத்திலேயே உடம்பு முடியாமல் போனது. பிறகு முழுதாகத் தேறவே இல்லை. 1915 டிசம்பர் 19 அன்று காலமானார். அவருக்கும் வயது 51தான். பிராங்க்பர்ட்டில் மனைவி பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். ஆகுஸ்டேயின் கேஸ் ஃபைல் 1995-ல்தான் மருத்துவமனைக் கிடங்கில் திரும்பக் கிடைத்தது.

வயது குறைந்தவர்களுக்கு வரும் அபூர்வ நோய் என்றே இதைப் பல காலம் நினைத்தார்கள். முதியவர்களின் மூளையிலும் அதே திட்டுகளும் சிக்கல்களும் இருப்பதை 1960-களின் ஆய்வுகள் காட்டிய பிறகுதான், வயசானால் அப்படித்தான் என்ற பேச்சு டாக்டர்களிடம் குறைந்தது. நம்மிடம் இன்னும் குறையவில்லை. இது எங்கோ ஜெர்மனி சமாச்சாரமும் அல்ல. 1990-களில் நம் பக்கத்துத் திருப்போரூர் பகுதியில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வில் 100 பேரில் சுமார் 3.5 பேருக்கு டிமென்ஷியா இருந்தது. நம் பிளாக்குகளில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அல்சைமரை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். அவற்றைச் சரி செய்ய வாய்ப்பு உண்டு. அதனால்தான் காலத்தோடு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மறைக்காதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சட்டைப் பையிலோ பர்ஸிலோ பெயர், பிளாட் எண், போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். கேட்டில் செக்யூரிட்டியிடமும் சொல்லி வையுங்கள். தனியாக ஸ்டேஷன் பக்கமோ ஜிஎஸ்டி ரோடு பக்கமோ அவர்கள் கிளம்பினால் பக்குவமாகப் பேசித் திருப்பி அழைத்து வரலாம்.

அடுத்த முறை யாராவது உங்கள் வீட்டு பெல்லைத் தவறாக அடித்தால், உள்ளே அழைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு அவர் வீட்டாரிடம் பதமாகச் சொல்லுங்கள். அல்சைமர் டாக்டரும் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் தொடங்கினார்.