வீட்டுக்குள் படித்த பெண், சபையை நடத்திய கதை

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த நாட்களில், சவளக்கடைப் பிள்ளைகளுக்குக் கல்முனைப் பாடசாலைகள் எட்டாத தூரமாகிவிடும். யுத்த காலத்தில் இடப்பெயர்வும் சுற்றிவளைப்பும் அதையே செய்தன. அப்படி வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதிய பலரை இந்தப் பக்கத்தில் சந்தித்திருக்கிறேன். வீட்டுக்குள் வளர்ந்ததுகள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாது என்பதுதான் அவர்களைப் பற்றிய ஊர்ப்பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வருவார்.

அவர் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி கல்லூரி அதிபர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தத் திருமணத்துக்காகத் தந்தையை அவரது உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஆகவே முத்துலட்சுமி வளர்ந்ததே உறவு குறைந்த ஒரு வீட்டில்தான்.

பருவமடைந்ததும் அவரது பாடசாலைப் படிப்பு நின்றது. அது அவராக விரும்பிய தெரிவல்ல, ஊர் வழக்கம். ஆனால் தந்தை புத்தகத்தை மூடவில்லை. வீட்டிலேயே பாடங்கள் தொடர்ந்தன. 1902இல் வீட்டிலிருந்தபடியே மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார். ஆண்கள் மட்டுமே இருந்த வகுப்பில், அவர்கள் பார்வையில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். பழகத் தெரியாதவராக ஆகிவிடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நடந்தது வேறு. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் வைத்தியரானார். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானார். ஆண்கள் நிறைந்த அந்தச் சபை அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஒருகாலத்தில் திரைக்குப் பின்னால் இருத்தப்பட்டவர், அங்கே ஆண்களின் விவாதங்களை நடத்தினார். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் பழைமைவாதிகளோடு நேருக்கு நேர் வாதாடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும், 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் தொடங்கினார். 1968இல் காலமானார்.

வீட்டில் படித்தது அவரை ஊமையாக்கவில்லை. தொடர்ந்து கற்பிக்க ஒருவர் வீட்டில் இருந்தார். படித்து முடித்ததும் வெளியே செல்ல ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு மூடியே கிடந்திருந்தால், நாமும் அவரைப் பேசத் தெரியாதவர் என்றே சொல்லியிருப்போம்.

யுத்தத்தாலோ, வறுமையாலோ, வழக்கத்தாலோ படிப்பு இடைநின்ற பெண்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அவர்கள் இன்றும் தோற்றலாம். பழகத் தெரியாதவள் என்று பெயர் வைப்பதைவிட, அந்த விண்ணப்பத்தை நிரப்பக் கூட இருப்பது அவளுக்கு உதவும்.