வடலூர் வள்ளலும் வயிற்றின் செய்தியும்

நம் கடலூர் மாவட்டம் ஈன்ற பெருமக்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இராமலிங்க அடிகளார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகப் பிறந்தார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். அவர்தம் பாக்களைப் பற்றித் தமிழ்த்துறை நண்பர்கள் எழுதுவர். விலங்கியல் மாணவனாகிய நான் எழுத விழைவது, அவர் பசியை நோக்கிய நோக்கினைப் பற்றியே.

1858 வாக்கில் சென்னையை நீங்கிக் கருங்குழியில் வந்து தங்கினார். 1866இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. மறு ஆண்டு மே 23ஆம் நாள், பார்வதிபுரம் மக்கள் வழங்கிய நிலத்தில், வடலூர்ச் சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். வருவோரிடம் ஊர், சாதி, சமயம் கேட்கலாகாது. நடத்தையையும் கேட்கலாகாது என்றார். இந்தக் கடைசி விதிதான் என்னை வியக்க வைத்தது.

அதற்கு விடை அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் நூலில் இருக்கிறது. பசித்தவனின் கண் குழிவதையும் நா வறள்வதையும் கைகால் துவள்வதையும் ஒரு மருத்துவரைப் போல வரிசைப்படுத்துகிறார். ஆனால் வயிற்றிலிருந்து தொடங்கவில்லை. அறிவு மயங்குவதிலிருந்து தொடங்குகிறார்!

வெறும் வயிறு சுருங்கும் வேளையிலேயே பசி உணர்வு எழுகிறது என்று அமெரிக்காவில் கேனன் 1912இல் காட்டினார். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோனை ஜப்பானியர் 1999இல் கண்டறிந்தனர். அது மூளையின் ஹைப்போதலாமசுக்குப் பசியை அறிவிக்கிறது. உண்டபின் இரைப்பை விரிந்த செய்தியை வேகஸ் நரம்பு கொண்டு செல்கிறது. குடலின் ஹார்மோன்களும் போதும் என்கின்றன. ஆனால் அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அவசரமாக உண்ணக்கூடாது, அளவு மீறலாகாது என்று அடிகளார் வகுத்த உணவு முறைக்கு இது நல்ல விளக்கம் அன்றோ!

1944–45இல் மின்னசோட்டாவில் 36 இளைஞர்கள், ஆய்வுக்கென்று தாமாகவே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தனர். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த நல்லவர்கள் அவர்கள். சில மாதங்களில் எரிந்து விழுந்தனர், உணவைத் தவிர வேறு நினைவு இல்லை, தட்டை நக்கினர், ஓரிருவர் விதியை மீறி ஒளித்தும் தின்றனர். நடத்தையைக் கேளாதே என்ற வடலூர் விதியை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பசித்திருப்பவனின் நடத்தையில் பாதி, அவன் வயிறு மூளைக்கு அனுப்பிய செய்தி. மேல்பட்டாம்பாக்கத்தில் விடியலில் பேருந்து ஏறி, உண்ணாமலே முதல் வகுப்பில் அமர்பவன் விழிப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிடுதல் எளிது.

1872இல் ஞானசபையை நிறுவிய அடிகளார், 1874 சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார். பிறகு அவரைக் கண்டவர் இல்லை. இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. தருமச்சாலை அடுப்பு அன்றும் எரிந்தது, இன்றும் எரிகிறது. பண்ருட்டி வழியாகப் பேருந்தில் சென்று இறங்கினால், பெயரைக்கூடக் கேளாமல் இலை போடுகிறார்கள்.