பதவியைத் துறந்தவர், பதவியில் அமர்த்தியவர்

ஒரு நாட்டின் ஆட்சி கைமாறும் வேளையில் மக்கள் காண்பது பதவியேற்பு விழாவை மட்டுமே. அதற்கு முந்தைய நாட்களில், மூடிய கதவுகளுக்குப் பின்னே நிகழ்வனவற்றை அவர்கள் காண்பதில்லை. அத்தகைய நாட்கள் இருமுறை வந்தபோது இந்திய ஆட்சியை அமைதியாகக் கைமாற்றித் தந்தவர், விருதுநகர் ஈன்ற பெருந்தலைவர் காமராசர். அவ்வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் பிறந்த காமராசர், பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்தியவர். ஆயினும் 1954 முதல் ஒன்பதாண்டுகள் முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். கட்சிப் பணியே பெரிதெனக் கருதி, 1963 அக்டோபர் 2ஆம் நாள் அப்பதவியைத் தாமே துறந்தார். அடுத்த ஆண்டே அகில இந்தியக் காங்கிரசின் தலைமை அவரைத் தேடி வந்தது.

1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமரானார். அடுத்தவர் சாஸ்திரியா, மொரார்ஜி தேசாயா என்று தில்லி பரபரத்தது. காமராசரோ முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அழைத்துக் கருத்தறிந்தார். தாம் பேசியது குறைவு, கேட்டது மிகுதி. சூன் 2ஆம் நாள் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். அவர் பெயரை நந்தா முன்மொழிய, மொரார்ஜியே வழிமொழிந்தார்.

1966 சனவரி 11ஆம் நாள் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். பிரதமர் பொறுப்பைக் காமராசரே ஏற்கவேண்டும் என்று சக தலைவர்கள் வேண்டினர். தம் மொழி வரம்பை உணர்ந்த அவர் மறுத்துவிட்டார். இம்முறை மொரார்ஜி விட்டுக்கொடுக்கவில்லை. சனவரி 19ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் இந்திரா காந்தி 355 வாக்குகளும், மொரார்ஜி 169 வாக்குகளும் பெற்றனர்.

கதவடைத்து எடுக்கும் முடிவு மக்களாட்சிக்கு ஒவ்வுமோ என வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அம்முடிவுகளால் காமராசர் தமக்கென எதனையும் ஈட்டவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1967இல் விருதுநகரிலேயே மாணவர் தலைவர் ஒருவரிடம் தோற்றார். தோல்வியை அமைதியாக ஏற்றார். 1969இல் கட்சி பிளவுண்டபோது, அவர் அரியணை ஏற்றிய இந்திராவும் அவரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். 1975 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, அவர் உயிர் பிரிந்தது.

பதவியைப் பெறுதற்குத் திறமை போதும்; கைக்கெட்டியதை மறுத்தற்கோ தன்னையறியும் தெளிவு வேண்டும். நாளை பொறுப்புகளை ஏற்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் இவ்வாழ்விலிருந்து கற்கவேண்டுவது அத்தெளிவையே.