சண்டை முற்றும் முன்னே போய் நின்றவர்: ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

சண்டை நடந்து முடிந்த பிறகு பஞ்சாயத்து பேச எல்லாரும் வருவார்கள். வாய்ச்சண்டை கைச்சண்டை ஆகுமுன் நடுவில் போய் நிற்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அப்படி வாழ்நாள் முழுக்கப் போய் நின்ற ஒரு பெண்ணின் வரலாறு இது. இவர் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் வாழ்ந்தவர். ஆனாலும் இவர் செய்த வேலைகளைப் படிக்கப் படிக்க, நம்ம குழுக் கூட்டத்தில் நம்மோடு பாயில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் என்றுதான் தோன்றும்.

தாயில்லாப் பிள்ளை

ஜேன் ஆடம்ஸ் 1860 செப்டம்பர் 6 அன்று, இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா மாவு மில் வைத்திருந்தவர், மாநில சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஜேனுக்கு இரண்டு வயதாகும்போது அம்மா போய்விட்டார். மூத்த அக்கா மேரிதான் தாய்க்குத் தாயாக வளர்த்தார். சின்ன வயதிலேயே முதுகெலும்பில் காசநோய் வந்து கூன் விழுந்துவிட்டது. 1881-இல் கல்லூரிப் படிப்பை முடித்தார். அதே வருஷம் அப்பாவும் இறந்தார். டாக்டருக்குப் படிக்கப் போனவரால் உடம்பு முடியாமல் படிப்பைத் தொடர முடியவில்லை. பணம் இருந்தது, படிப்பு இருந்தது, என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. லண்டன் போனபோது, படித்தவர்கள் சிலர் ஏழைகள் வாழும் பகுதியிலேயே குடியிருந்து சேவை செய்வதைப் பார்த்தார். வழி புரிந்தது.

ஹல் ஹவுஸ்

1889 செப்டம்பரில் தோழி எலன் ஸ்டாரோடு சேர்ந்து, சிகாகோவில் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய பெரிய வீட்டில் குடியேறினார். அதுதான் ஹல் ஹவுஸ். சுற்றிலும் இத்தாலிக்காரர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதர், கிரேக்கர் என்று பிழைக்க வந்த ஜனங்கள். ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் புரியாது. சாமி வேறு, சாப்பாடு வேறு. இருப்பதோ ஒரே சந்து. அங்கே சண்டைக்கு என்ன பஞ்சம்?

அம்மையார் முதலில் உபதேசம் செய்யவில்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் தந்தார். குளிக்க வசதி, நூலகம், இரவு வகுப்பு, தையல், பாட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. நாள்பட நாள்பட ஹல் ஹவுஸ் 13 கட்டிடங்களாக வளர்ந்தது. ஒரே கூரைக்குக் கீழே பிள்ளைகள் விளையாடினால் தாய்மார் பேசித்தானே ஆகவேண்டும்? பேச ஆரம்பித்த இடத்தில் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

குப்பை வண்டிக்குப் பின்னால்

அந்தப் பகுதியில் குப்பை மலைபோல் கிடந்தது. பிள்ளைகள் நோயில் செத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன்மேல் பழி போடுவதுதான் வழக்கம். அம்மையார் வேறு மாதிரி யோசித்தார். குப்பை அள்ளக் காண்ட்ராக்ட் எடுத்தவர் அள்ளவில்லை, கேட்க ஆளில்லை, அதனால் ஜனங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். ஹல் ஹவுஸ் மகளிர் மன்றத்தைச் சேர்ந்த 12 பெண்கள், அங்கே தங்கியிருந்தவர்களோடு சேர்ந்து சந்து சந்தாகப் போய்ப் பார்த்துக் குறித்தார்கள். இரண்டே மாதத்தில் 1,037 புகார்கள் சுகாதாரத் துறைக்குப் போயின. 1895-இல் அம்மையாரையே அந்த வார்டுக்குக் குப்பை ஆய்வாளராக நியமித்தார்கள். விடியற்காலை ஆறு மணிக்கே எழுந்து வண்டிகளுக்குப் பின்னால் போய் மேற்பார்வை பார்த்தார். வார்டில் சாவு எண்ணிக்கை குறைந்தது. அண்டை வீட்டுச் சண்டைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இப்படித்தான் வந்தது.

வாடகைக்குப் பயந்த பெண்கள்

ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. பெண் தொழிலாளிகள் ஹல் ஹவுஸில் கூடிப் பேசினார்கள். முதலில் பயந்து பின்வாங்கியது யார் என்று பார்த்தால், காசு கொடுத்து விடுதியில் தங்கியிருந்த பெண்கள்தான். பாக்கி விழுந்தால் வெளியே தள்ளிவிடுவார்களே! நமக்கே நமக்கென்று ஒரு விடுதி இருந்தால் என்ன என்று அந்தப் பெண்களே யோசித்தார்கள். முதல் மாத வாடகையும் தட்டுமுட்டுச் சாமானும் ஹல் ஹவுஸ் கொடுத்தது. பிறகு வாராவாரம் ஆளுக்கு 3 டாலர் போட்டு, தங்களுக்குள் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, தாங்களே நடத்தினார்கள். சில வருஷத்தில் ஐம்பது பேர் ஆனார்கள். அதற்கு ஜேன் கிளப் என்று பெயர். நம்ம சேமிப்புக் குழு மாதிரியேதானே இருக்கிறது? கையில் நாலு காசும் பக்கத்தில் நாலு பேரும் இருந்தால் பயம் குறையும். பயம் குறைந்தால்தான் நிதானமாகப் பேச முடியும்.

பேச்சு நடக்காத இடம்

1894-இல் பெரிய சோதனை வந்தது. ரயிலில் படுத்துத் தூங்கிப் போகும் பெட்டிகளைச் செய்கிற புல்மேன் கம்பெனி, தன் தொழிலாளிகளுக்கென்று ஒரு ஊரே கட்டியிருந்தது. வியாபாரம் படுத்ததும் கூலியைக் கால்வாசி அளவுக்கு வெட்டியது. வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவே இல்லை. மே மாதம் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். சமரசம் பேச ஊர்ப் பெரியவர்கள் ஒரு குழு போட்டார்கள். அதில் அம்மையாரும் ஒருவர். அவர் நேரே அந்த ஊருக்குப் போனார். தொழிலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வீடுகளைப் பார்த்தார், வாடகைக் கணக்கைக் கேட்டார். நடுவர் வைத்துப் பேசத் தொழிலாளிகள் சம்மதித்தார்கள். கம்பெனியோ பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது.

அவ்வளவுதான். ஜூன் கடைசியில் ரயில்வே தொழிலாளர் சங்கம் ஆதரவாக இறங்கியது. ரயில்கள் நின்றன. ஜூலையில் ராணுவம் வந்தது. பெட்டிகள் எரிந்தன. நாடு முழுக்கச் சுமார் 30 உயிர் போனது. தொழிலாளிகளும் தோற்றார்கள்.

அதே நாட்களில்தான் அம்மையாரை வளர்த்த அக்கா மேரி சாகக் கிடந்தார். ரயில் ஓடாததால் மேரியின் கணவரும் பிள்ளைகளும் வந்து சேரத் தாமதமானது. அவர்கள் முகத்தைப் பார்க்காமலே மேரி கண்ணை மூடினார். இவ்வளவு நேர்ந்தும் தொழிலாளிகள்மேல் அம்மையார் கோபப்படவில்லை. முதலாளி நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே, யாரிடமும் கருத்துக் கேட்காமல் செய்ததுதான் வினை என்று கட்டுரை எழுதினார். அதை அச்சில் போடவே பத்திரிகைகள் பயந்தன. 1912-இல்தான் வெளிவந்தது.

பேச்சு நடந்த இடம்

1910-இல் சிகாகோவின் பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில், தையல் கூலியில் கால் சென்ட் குறைத்ததற்காக ஒரு சில இளம்பெண்கள் எழுந்து வெளியே வந்தார்கள். கால் சென்ட்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. சில வாரத்தில் நகரம் முழுக்கச் சுமார் 40,000 தையல் தொழிலாளிகள் வெளியே நின்றார்கள். அடிதடி நடந்தது, உயிர்ச்சேதமும் ஆனது. இந்தத் தடவை அந்தக் கம்பெனி பேச வந்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் அம்மையாரும் ஒருவர். 1911 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. இரு தரப்பும் ஆளுக்கொரு நடுவரைத் தேர்ந்தெடுத்தது. இனிமேல் குறை வந்தால் எங்கே சொல்வது, யார் கேட்பது என்று எழுதி வைத்தார்கள். அதன்பின் பல வருஷம் அங்கே குறைகள் பேசித் தீர்க்கப்பட்டன.

இரண்டு இடத்திலும் ஆரம்பம் கூலிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒரு இடத்தில் குறையைச் சொல்ல வாசல் இல்லை, இன்னொரு இடத்தில் வாசல் திறந்தது.

பன்னிரண்டு நாட்டுப் பெண்கள்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. மறு வருஷம் ஏப்ரலில் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் 12 நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். அம்மையார்தான் தலைவி. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பெண்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். சண்டையில் சேராத நாடுகள் நடுவர்களாக விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டதோடு நிற்கவில்லை. லண்டன், பெர்லின், வியன்னா, ரோம், பாரிஸ் என்று தலைநகரம் தலைநகரமாக அம்மையாரும் தோழிகளும் போய் மந்திரிகளைப் பார்த்தார்கள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். எந்த அரசும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை. போர் 1918 வரை நடந்து லட்சம் லட்சமாக உயிர் குடித்தது.

பழியும் பரிசும்

1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. அம்மையார் ஆதரிக்கவில்லை. அதுவரை தலையில் வைத்துக் கொண்டாடிய பத்திரிகைகள் தேசத்துரோகி போலத் திட்டின. தெரிந்தவர்கள் விலகினார்கள். அவர் வாதாடிக்கொண்டிருக்காமல் பசித்தவர்களுக்கு உணவு சேர்க்கும் வேலையில் இறங்கினார். போர் முடிந்ததும், எதிரி நாடு என்று பார்க்காமல் ஜெர்மனியில் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கும் உதவினார். 1919-இல் சமாதானத்துக்கான பெண்களின் சர்வதேசச் சங்கத்துக்குத் தலைவியானார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

1931-இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அமெரிக்கப் பெண்களில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஆஸ்பத்திரியில் இருந்ததால் நேரில் போய் வாங்க முடியவில்லை. 1935 மே 21 அன்று சிகாகோவில் காலமானார். ஹல் ஹவுஸில் வைத்திருந்த உடலுக்கு அக்கம்பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

நமக்கு

அம்மையார் தடுத்த சண்டையும் உண்டு, தடுக்க முடியாமல் போன சண்டையும் உண்டு. தோற்ற இடத்திலும் அவர் செய்த வேலை ஒன்றுதான்: சீக்கிரமே போனார், நேரில் போனார், இரண்டு பக்கமும் கேட்டார், கணக்கைப் பார்த்தார், பேச ஒரு இடம் கொடுத்தார்.

தண்ணிக் குழாயடியில் குடம் தட்டுப்படும்போது, கடன் தவணையில் இரண்டு உறுப்பினருக்குள் முறைப்பு வரும்போது, ஒரு தெருப் பையன்கள் இன்னொரு தெருவில் போய் வம்பு பண்ணிவிட்டு வரும்போது, முதலில் நமக்குத்தான் தெரியும். போலீஸுக்குத் தெரிவதற்கு எத்தனையோ நாள் முன்னாடி நமக்குத் தெரியும். அந்த நாட்களை வீணாக்காமல், அடுத்த வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல், அன்றைக்கே இரண்டு பேராகப் போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். நம்ம தீர்மானப் புத்தகத்தில் கடன் கணக்குக்குப் பக்கத்தில், குறை கேட்கவும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்.