ஈந்து மகிழ்ந்த வித்யாசாகர்

கையில் வரும் பணத்தை ஒருவன் எதற்காகச் செலவிடுகிறானோ, அதைக் கொண்டே அவனது மகிழ்ச்சி எங்கிருக்கிறது என்பதை அறியலாம். ஆசையுடன் வாங்கிய பொருள் சில நாட்களில் பழகிப் போகிறது. மனமோ அடுத்த பொருளை நாடுகிறது. ஒருவரது பசி தீர்ந்த நேரத்தின் நினைவு அவ்வாறு பழமையடைவதில்லை. இந்த உண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் பண்டிதர் ஈசுவர சந்திர வித்யாசாகர்.

அவர் 1820 செப்டம்பர் 26 அன்று வங்காளத்தின் வீரசிங்க கிராமத்தில் ஏழை அந்தணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தாகுர்தாஸ் இளமையில் பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்தவர். பசி தாங்காத ஒரு நாளில், தம்மிடமிருந்த பித்தளைத் தட்டையும் சொம்பையும் விற்கப் பாத்திரக் கடைக்குச் சென்றார். முன்பின் அறியாத சிறுவனிடம் பழைய பாத்திரம் வாங்க வணிகர்கள் அஞ்சினர். மற்றொரு நாள் பசியால் தளர்ந்து ஒரு பொரிக் கடையின் முன் நின்றார். கடை நடத்திய விதவைப் பெண் அவருக்குப் பொரி அளித்தார்; பக்கத்துக் கடையில் தயிரும் வாங்கி வந்து வயிறார உண்ண வைத்தார். பாத்திரம் ஆற்றாத பசியை ஒரு தாயுள்ளம் ஆற்றியது. தந்தை கூறிய இந்நிகழ்ச்சி வித்யாசாகரின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பெண்குலத்தின்மீது அவர் கொண்ட பக்திக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

1841-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதராக அவருக்கு 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. உடனே தந்தையை வேலையிலிருந்து ஓய்வு பெறச் செய்து, மாதம் 20 ரூபாயை வீட்டிற்கு அனுப்பினார். பின்னர் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வரானார். 1858-இல் பதவி விலகியபோது அவரது சம்பளம் 500 ரூபாய். நூல்களின் மூலமும் நல்ல வருவாய் வந்தது. ஆயினும் முரட்டு வேட்டி, மேல்துண்டு, சாதாரணச் செருப்பு என்ற அவரது கோலம் மாறவேயில்லை.

பணம் எங்கே சென்றது? பள்ளிகளுக்கும் ஏழை மாணவர்களுக்கும் சென்றது. 1856-இல் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் அச்சட்டப்படி முதல் திருமணத்தை அவர் முன்னின்று நடத்தினார். அடுத்தடுத்து வந்த திருமணங்களின் செலவையும் தாமே ஏற்றுக் கடனாளியானார். உதவுவதாக வாக்களித்தவர்களில் பலர் பின்வாங்கினர், அவர் பின்வாங்கவில்லை.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது, அது நூல்கள். அவற்றை உயர்ந்த தோலில் அழகுறக் கட்டமைத்து வைத்திருந்தார். இது வீண் செலவல்லவா என்று வினவிய செல்வர் ஒருவரிடம், கடிகாரத்தைக் கட்ட ஒரு கயிறு போதுமே, தங்கச் சங்கிலி எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டதாகக் கூறுவர். நூலையும் சங்கிலியையும் வாங்குவது பணமே. சங்கிலி பிறர் பார்ப்பதற்கு. நூலோ படிப்பவனின் உள்ளத்தில் கலந்துவிடுவது.

ஈகையின் பாதை மலர்ப்பாதையாக அமையவில்லை. உதவி பெற்றவர்களே அவரைப் பழித்தனர். உறவினர்களுடன் மனக்கசப்பு வளர்ந்தது. நன்றியை எதிர்பார்த்துக் கொடுத்திருந்தால் அத்துடன் அவரது கை மூடியிருக்கும். நகர வாழ்வில் மனம் நொந்த அவர், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள கர்மாடாரில் சந்தால் பழங்குடியினரிடையே ஒரு வீடு அமைத்துக்கொண்டார். அங்கு அவர்களுக்கு ஹோமியோபதி மருந்து அளித்துப் பணிபுரிந்தார்.

அங்கு அவரைக் காணச் சென்ற அறிஞர் ஹரபிரசாத் சாஸ்திரி ஒரு காட்சியை வியப்புடன் பதிவு செய்துள்ளார். காலையில் சந்தால்கள் மக்காச்சோளக் கதிர்களைக் கொண்டு வருவர். கேட்ட விலை கொடுத்து வித்யாசாகர் அவற்றையெல்லாம் வாங்கி அடுக்குவார். பின்னர் அவர்கள் பசியோடு திரும்பி வந்து உணவு கேட்பர். விலை கொடுத்து வாங்கிய அதே கதிர்களை அவர் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் சருகுகளைச் சேர்த்துத் தீமூட்டி, கதிர்களைச் சுட்டு உண்பர்; அவரும் அந்த மகிழ்ச்சியில் பங்கு கொள்வார். வணிகக் கணக்கில் இது முழு நஷ்டம். ஆனால், கல்கத்தா நகரம் தராத மன நிறைவை அவருக்குத் தந்தது இந்த நஷ்டமே.

1891 ஜூலை 29 அன்று அவர் மறைந்தார். அதன்பின் கர்மாடார் வீடு கைமாறிற்று. அரிய நூலகமும் கைமாறி, இறுதியில் வங்கீய சாகித்திய பரிஷத்தைச் சேர்ந்தது. பொருள்கள் உரிமையாளரை மாற்றிக்கொண்டே இருக்கும். சோளக் கதிர் சுட்ட அந்தத் தீயைச் சுற்றி அமர்ந்து அவர் பெற்ற ஆனந்தத்தையோ எவராலும் வாங்கவும் இயலவில்லை, விற்கவும் இயலவில்லை. கர்மாடார் ரயில் நிலையம் இன்று வித்யாசாகர் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.